பொறியும் நீறும்

நடுநாட்டுத் திருப்பெண்ணாகடத்துத் திருக்கோயில் தூங்கானை மாடம் எனப் பெயர் பெறும். துயிலும் யானையின் பின்புறம்போல வளைந்த விமானத்தை உடைமையின் அப்பெயர் எய்திற்று. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசு சுவாமிகள் அம்மாடத்தை அடைந்து இறைவன் திருமுன் நின்று செய்த விண்ணப்பம், அடியார்கள் செய்த பிற விண்ணப்பங்களினும் வேறுபட்டதொன்று. பொன்னும் பொருளும் அவர் வேண்டினாரல்லர். வீடுபேற்றையும் அப்பொழுது வெளிப்படக் கேட்டாரல்லர். தம் உடம்பின்மேல் ஓர் அடையாளம் இடப்பெறல் வேண்டும் என்றே இரந்தார்.

இவ்வேண்டுகோள் எழுந்தமைக்குக் காரணம் அவர் வரலாற்றிலேயே உளது. திருவாமூரில் மருணீக்கியாராய்த் தோன்றிய அவர், சமண் சமயம் புக்குப் பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பூண்டிருந்தார். சூலைநோய் வாய்ப்பட்டு ஓரிரவில் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் திருக்கையால் அளித்த திருநீற்றை ஏற்றுப் பூசிய பின்னரே திருவதிகை வீரட்டானத்துட் புகுந்தார். பின்னர்ப் பல்லவன் ஆணையால் நேர்ந்த நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலும் கடந்தார். இத்தனை நிகழ்ந்த பின்னும் அவர் உள்ளத்தில் ஒரு நோவு எஞ்சி நின்றது. நா புதிய பாடலைப் பாடிற்று. உடம்போ பழைய உடம்பே. மயிர் பறித்தலும் பாயுடுத்தலும் ஒருகாற் பிறிதொரு கூட்டத்தின் அடையாளங்களாய் அவ்வுடம்பின்மேல் இருந்தவை. அவை நீங்கினும் அவ்வுடம்போடு உயிர்வாழத் தரியேன் என்றும், தரித்திருத்தல் வேண்டுமாயின் நாயகனே தன் இலச்சினையை இட்டருளல் வேண்டும் என்றும் அவர் கருதியதாகச் சேக்கிழார் கூறுவர்.

அங்குப் பாடிய திருவிருத்தப் பதிகத்தில் இன்று எஞ்சியிருப்பன மூன்று பாடல்களே. ஏனையவை கிடைத்தில. கிடைத்த மூன்றும் வேண்டுவன யாவை என நோக்குதல் தகும். முதற்பாடல், தம் ஆவியைக் காத்தருள இறைவனுக்கு இச்சையுண்டாயின், கூற்றம் அகலும்படி மூவிலைச் சூலத்தைத் தம்மேற் பொறிக்குமாறு கேட்கின்றது. மூன்றாம் பாடல் இடபத்தைப் பொறித்துத் தம்மை ஏன்றுகொள்ளுமாறு கேட்கின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்ற பாடலோ பொறியை வேண்டவில்லை. திருவடியின் நீற்றைத் தம்மேற் பூசுமாறு வேண்டுகின்றது. அழியாத குறி இரண்டற்கு நடுவே, கழுவ நீங்கும் நீறு ஒன்று நிற்கின்றது. புராணம் படிப்போர் சூலத்தையும் விடையையும் நினைவிற் கொண்டு, நடுநின்ற இதனை மறந்துவிடுதல் உண்டு.

இலச்சினை என்னுஞ் சொல் அந்நாளில் எதனைக் குறித்தது என்பது ஆராயற்பாலது. ஓலைமேல் அரசன் இட்ட முத்திரை இலச்சினை. இது இன்னாருடையது, இதனைப் பிறர் தீண்டற்க என்பதே அதன் பொருள். நிலத்திற்கும் அது பொருந்தும். சிவன்கோயில் நிலத்தின் எல்லையிற் சூலம் பொறித்த கல்லும், திருமால்கோயில் நிலத்தின் எல்லையில் ஆழி பொறித்த கல்லும் நடப்பெற்றன. அவற்றைக் கல்வெட்டுக்களில் பலகாலுங் காணலாம். ஆனிரைக்கு உடையவன் குறி சுடுதலும் நாட்டு வழக்கே. நிலத்திற்கும் ஆவிற்கும் இட்ட குறி மக்கள்மேலும் இடப்பட்டது என்பதை மறைத்தற்கில்லை.

1070-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதற் குலோத்துங்க சோழனது நாற்பத்தொன்பதாம் ஆட்சியாண்டில், சுமார் 1119-இல், திருக்காளத்தியில் நிகழ்ந்த ஒன்றைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அக்கோயில் தேவரடியார் சிலர் தவறுதலாக அரண்மனைப் பணியிற் சேர்க்கப்பட்டு, அவருடம்பில் அரச இலச்சினை இடப்பட்டது. கோயிலார் முறையிட, அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டான். அரச இலச்சினையை நீக்கி அவர்க்கு மீளவுஞ் சூலப்பொறி இடுமாறு ஆணையிட்டான். முடிமன்னன் ஒருவன் ஈசன் உடைமைக்குத் தலைவணங்கினான் என்று இச்செய்தி பாராட்டப்படுவதுண்டு. பாராட்டத் தக்கதே. எனினும், ஒரு பொறி இட்டு, அது நீக்கி, மற்றொரு பொறி இட்ட அம்மகளிர் தோளை எண்ணுவார் எத்துணையர்? அவர் விருப்பம் இன்னதென அக்கல்லில் ஓரெழுத்தும் இல்லை. மேலும் எண்பது ஆண்டு கழிந்து, 1201-இல் நேர்ந்த வறுமையில், திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் பசிக்கு ஆற்றாராய்த் தம்மையுந் தம் புதல்வியர் இருவரையும் 110 காசுக்குத் திருக்கோயிற்கே அடிமையாக விற்றுக்கொண்டார். அவர் அடைந்தது அன்பினாலன்று. மூன்று வயிற்றின் பசியினால். ஆளடிமை முறை 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறமன்றங்களின் துணையை இழந்தது; பெண்டிரைக் கோயிற்கு நேர்ந்துவிடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தால் விலக்கப்பட்டது. விலக்கப்பட்டமை நன்றே.

இவ்வழக்கங்கள் நிலவிய நாட்டிலேதான் நாவுக்கரசர் வேண்டுகோளைச் சேக்கிழார் எழுதினார். அநபாயன் எனப்படும் இரண்டாங் குலோத்துங்கன் ஆட்சி 1133 முதல் 1150 வரையில் நிகழ்ந்தது. ஆகவே திருக்காளத்திச் செய்திக்கும் பெரியபுராணத்திற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மிக்க காலம் இல்லை. சோழர் அரசியலில் அமைச்சுரிமை பூண்டிருந்தவர் என மரபு கூறும் அப்பெரியார்க்கு, இலச்சினை மக்கள்மேல் எவ்வாறு இடப்படும், யாரால் இடப்படும் என்பது தெரியாததன்று. அங்ஙனமிருந்தும் அச்சொல்லையே அவர் எடுத்தாண்டார். ஆனால் நிகழ்ச்சியை அவர் அமைத்த முறை வேறு. இலச்சினை இட வந்தது அரச ஏவலாளனன்று, சிவபூதம். வந்தது பிறர் எவர்க்குந் தெரியாது. கட்டளை இட்டாரும் இல்லை, பிடித்துக்கொண்டாரும் இல்லை. பொறி பெற்றவரே முன்நின்று இரந்தவர். பூதம் பொறித்தது என்னாது சாத்தியது என்று கூறிய நயமும் நோக்கற்பாலது. சாத்துதல் என்பது திருமேனிக்கு மாலையும் ஆடையும் அணிவித்தலைக் குறிக்குஞ் சொல். நாவுக்கரசர் தம்மேல் என்றாரேயன்றி இன்ன உறுப்பில் எனக் குறித்தாரல்லர். தோள் என்று இடங்குறித்தவர் சேக்கிழாரே. அத்தோள்தான் உழவாரப்படை தாங்கிய தோள். அதிற் பொருந்திய குறியைத் தாமே கண்டு மனங்களித்தார் என்பதோடு புராணம் அமைகின்றது. பிறர்க்குக் காட்டினார் என்றோ, ஊரார் கண்டு வியந்தார் என்றோ ஒரு சொல்லும் இல்லை.

நம்பியாரூரர் வரலாற்றொடு இதனை ஒப்புநோக்குதல் இன்பம் பயக்கும். ஒருவர்க்கு ஆளென்பதற்குச் சான்று ஓலையிலிருந்தது. அவரோ அதனைப் பறித்துக் கிழித்தார், அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் இல்லை என்று வழக்காடினார். மற்றவர்க்கு ஓலை இல்லை. தம் தோளையே ஓலையாக நீட்டினார். இருவரும் ஆட்பட்டவரே.

இனி ஒரு வினா எழும். நாவுக்கரசர் இத்துணை ஆர்வத்தோடு வேண்டிப் பெற்ற இப்பொறி, பிற்காலச் சைவர் அனைவர்க்கும் உரிய சடங்காக ஏன் ஆகவில்லை? வைணவர்க்கு ஐந்து சம்ஸ்காரங்களுள் முதலாவது, வலத்தோளில் ஆழியும் இடத்தோளிற் சங்கும் சூடேற்றி ஒற்றிக்கொள்ளுதல். அது பெற்றவர் அதனைத் தம் வாழ்நாட் பேறாகப் போற்றுவர். மாத்துவரும் முத்திரை தரிப்பர். சைவத்திற் சமயம், விசேடம், நிருவாணம் என மூன்று தீக்கை உள. அவற்றுள் யாதொன்றினும் உடம்பைச் சுடுதல் இல்லை. ஆசாரியன் நோக்காலும் தீண்டலாலும் மொழியாலும் பிறவாற்றாலும் மாணாக்கன்பாற் செய்வது தோலைத் தொடர்ந்து உட்செல்வதன்று. மலத்தைத் தொடர்ந்து செல்வது. எனவே, பதிகத்தில் முன்னும் பின்னும் நின்ற பொறிகள் ஒருவர்க்கே உரியவாய் நின்றன. நடுநின்ற நீறோ எல்லார்க்கும் உரியதாயிற்று.

நீங்கும் அணியும் நீங்கா அணியும் தமிழர்க்குப் புதியனவல்ல. சந்தனக் குழம்பும் குங்குமக் குழம்புங் கொண்டு தோளிலும் மார்பிலும் எழுதிய கொடிகளைத் தொய்யில் என்றனர் முன்னோர். சிலப்பதிகாரத்தில் மணந்த புதிதிற் கோவலன் கண்ணகியின் தோளிற் கரும்பும் வல்லியும் எழுதினான். அவன் மாதவிபாற் சென்ற பின் அவள் மார்பிற் குங்குமம் எழுதாது, மங்கல அணியன்றிப் பிறிதணி மகிழாதிருந்தாள். எழுதியதைக் காட்டிலும் எழுதாது விட்டது அவள் உள்ளத்தை நன்கு உரைத்தது. நீங்கும் அணிக்கே உரிய ஆற்றல் இது. நீங்காத அணி இதனைச் செய்யமாட்டாது. நாட்டுப்புறங்களிற் குறத்தியர் ஊர்தோறுஞ் சென்று பச்சை குத்துதல் மற்றொரு வகை. விளக்குக் கரியை இலைச்சாற்றிற் குழைத்து ஊசியால் முன்கையிற் கோலமும் தேளும் பெயரும் எழுதினர். மேற்றோல் ஏறத்தாழ ஒரு திங்களில் உதிர்ந்து புதிதாகும். அதற்கு அடியிலுள்ள தோலிற் புக்க மை அங்ஙனம் கழிவதில்லை. இட்டது கரியேயாயினும் தோலின் கீழ்க் கிடத்தலின் பச்சையாய்த் தோன்றும். ஒருகாற் பொறுத்த நோவு உயிருள்ளளவும் உடன்வரும். இளமையில் எழுதிய பெயர்க்கு உரியவர் மாறினும் கை மாறுதல் இல்லை என்று பாட்டிமார் நகையாடுதல் உண்டு.

திருநீறு இவ்விரண்டனுள் முன்னதன் இனத்தைச் சார்ந்தது. நீராடின் நீங்கும்; வியர்வையிற் கரையும்; வெயிலில் உதிரும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில், நிலத்திற் சிந்தாவண்ணம் அண்ணாந்து, சிவசிவ என்று சொல்லி, வலக்கையின் நடு மூவிரலால் நெற்றியில் தரிக்குமாறு விதித்தார். முக்குறியாக இடுதற்கு உரிய தானங்கள் பதினாறு என்றும் வகுத்தார்; சிரமும் நெற்றியும் மார்பும் கொப்பூழும், முழந்தாள், புயம், முழங்கை, மணிக்கட்டு, விலாப்புறம் என்னும் இவ்விரண்டும், முதுகும் கழுத்தும் அவை. அளவும் உண்டு. நெற்றியிற் கடைப்புருவ எல்லை வரையும், மார்பிலும் புயங்களிலும் ஆறங்குலமும், ஏனையவற்றில் ஓரங்குலமும் ஆம். இத்துணை நுணுக்கமாக விதித்த ஒன்று மாலைக்குள் அழிந்துபோவது என்பது அந்நூல் பயிலும் சிறார்க்கு வியப்பாகவே இருக்கும். பொறி ஒருகால் இடப்பட்டால் பெற்றவனது இசைவை மறுமுறை கேட்பதில்லை; திருக்காளத்தி மகளிரை ஒருகாலுங் கேட்டிலது. நீறோ ஒவ்வொரு காலையிலும் அடியவனது இசைவைக் கேட்கின்றது. கை எடுத்து இட்டாலன்றி நெற்றி வறிதே கிடக்கும். ஆளாதல் அவ்வண்ணம் நாடோறும் புதிதாகின்றது.

எளிதில் இடத்தக்கது எளிதிற் பொய்க்கவும் படும். இதனைச் சைவ நூல்கள் மறைத்தனவல்ல. திருமூலர் ஆறாந் தந்திரத்தில் அவவேடத்தைத் தனியே வைத்து இழித்துரைத்து, தவவேடத்திற்கும் ஞானவேடத்திற்கும் நடுவே திருநீற்றை வைத்தார். திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் கொன்றது மெய்யெங்கும் நீறு பூசிய வேடத்தாலே. எயினனூர் ஏனாதிநாதரை அதிசூரன் வென்றதும் அவ்வாறே. நேர்பொருது தோற்றவன், நெற்றியில் நீறிட்டு அதனைக் கேடகத்தால் மறைத்து வந்து, அணுகியபொழுது கேடகத்தை விலக்கினான். நாயனார் வாளை எறிந்துவிட எண்ணினார். எறிந்தால் படையில்லாரைக் கொன்ற பழி அவனைச் சாருமே என்று அதனைப் பிடித்தவாறே நின்றார், வெட்டுண்டார். வஞ்சகன் நெற்றியிற் பொய்யாய் நின்ற நீறு நாயனார் கண்ணுக்கு மெய்யாயிற்று. குறி இட்டவனைப் பற்றிக் கூறுவதொன்று. காண்பவனைப் பற்றிக் கூறுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாக எடுத்துக்காட்டும் வரலாறு பிறிதில்லை.

மீண்டும் திருப்பெண்ணாகடத்தை நோக்கினால், இவ்வினாவோடு அவ்வூர்க்கு உள்ள தொடர்பு வியத்தற்குரியது. அறுபத்துமூவருள் ஒருவராகிய கலிக்கம்பர் அவ்வூரினர். அடியார்க்கு அமுதூட்டுமுன் அவர் அடிகளை விளக்குதல் அவர் நியமம். ஒருநாள் வந்தவருள் ஒருவர், முன்னொருகால் அவர் மனையில் ஏவல் செய்து, வெறுத்து ஓடிப்போனவர். இப்பொழுது சிவவேடத்தோடு வந்தார். மனைவியார் அவரை அடையாளங்கண்டு, நீர் வார்க்கத் தயங்கினார். கலிக்கம்பர் மனைவியின் கையைத் துணித்துத் தாமே நீர் வார்த்தார். அச்செயலின் வன்மை இக்காலத்தார் உள்ளத்தை நடுக்குவிக்கும், நடுக்குவித்தல் இயல்பே. ஆயினும் அங்கு நிகழ்ந்த வழக்கு யாதென அறிதல் வேண்டும். மனைவியார் அவ்வுடம்பிற் கண்டது பழைய ஏவலாள் என்னும் பொறியை. அதனை எவருங் கண்ணாற் காணும்படி சுட்டிருந்தாரல்லர். ஆயினும் ஊர் நினைவில் அது அழியாது கிடந்தது. கணவர் கண்டது அன்று காலை இட்ட நீற்றை. இரண்டனுள் எது அம்மனிதனை உரைப்பது என்பதே அங்கு எழுந்த வினா. கலிக்கம்பர் புதியதற்கே தீர்ப்பளித்தார்.

அவ்வூரிலேயே பதின்மூன்றாம் நூற்றாண்டில் அச்சுதகளப்பாளர்க்கு மகவாய்ப் பிறந்தவர் மெய்கண்ட தேவர். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலமயக்கம் நீங்கி அன்பு மிக்க அடியாரது வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுமாறு அவர் அருளிச்செய்தார். மிக உயர்ந்த முத்திநிலையைச் சொல்லி முடிக்கும் இடத்திலே, நீறும் கண்டிகையுமாகிய புறக்கோலம் வந்து நிற்பதன் காரணத்தை மாணாக்கர் வினவுதல் இயல்பு. வேடம் ஆலயத்தோடு ஒருங்கு எண்ணப்பட்டமையே அதற்கு விடை. ஆலயமும் கல்லும் சுண்ணமுமே; ஆங்கு உறைவான் அவ்வளவில் அடங்குவானல்லன்; எனினும் ஆங்குத் தொழப்படுவான். தயிரில் நெய்போல அடியார்பால் விளங்கித் தோன்றுவான் என்பது சித்தாந்தத்தார் காட்டும் உவமை.

வேடத்தைத் தொழுதார் வரலாறுகளுள் சேரமான் பெருமாள் நாயனாரது வரலாறு ஒன்றிற்குத் தனிச்சிறப்புண்டு. அங்கே வேடம் பூண்டாரே இல்லை. அவர் முடிபுனைந்து, திருவஞ்சைக்களத்து இறைவரைப் பணிந்து, யானைமேல் நகர்வலம் வந்தார். எதிரே ஒரு வண்ணான் உவர்மண் பொதியைச் சுமந்து வந்தான். மழையில் நனைந்த அம்மண் அவன் மெய்யில் வழிந்து, உலர்ந்து, உடல் முழுதும் வெள்ளென்றிருந்தது. அரசர் கண்ணுக்கு அது முழுநீறு பூசிய கோலமாய்த் தோன்றிற்று. யானையினின்றும் இழிந்து, விரைந்து சென்று தொழுதார். அவனோ அஞ்சி நடுங்கி, தான் யார் என நினைந்தீர், அடியேன் அடிவண்ணான் என்றான். அரசரும் தம்மை அடிச்சேரன் எனக் கூறி, திருநீற்றுக் கோலத்தை நினைப்பித்தீர், வருந்தாது செல்வீராக என்று அவனை வழிவிட்டனுப்பினார். அவன் பொதியைச் சுமந்துகொண்டு தன் துறைக்குப் போயினான்; அரசர் மீண்டும் யானைமேலேறி நகர் புகுந்தார்.